ஏழாம் உலகம் படிக்கலாமா? என்கிட்ட எல்லாரும் கேக்கற கேள்விகள்

நல்ல நாவல் ஒண்ணு சொல்லுங்கன்னு யார் கேட்டாலும் என் வாய்ல மொதல்ல வர்றது ஜெயமோகன் எழுதின ஏழாம் உலகம்தான். கேட்டவங்க வீட்டுக்குப் போயி நெட்ல தேடிப் பார்த்துட்டு மறுநாள் போன் பண்ணுவாங்க, ஏங்க இதையா படிக்க சொன்னீங்கன்னு. அப்புறம் கேள்வி மேல கேள்வி. பத்து வருஷமா அதே கேள்விகளுக்கு தனித்தனியா பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன், இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். கடைசி அத்தியாயத்துல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லமாட்டேன், மத்தபடி தைரியமா படிக்கலாம்.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க?

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் போத்திவேலு பண்டாரம். பொண்டாட்டி ஏக்கியம்மை, கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணுங்க, முருக பக்தி, கடன், வீட்டுச் செலவுன்னு நம்ம தெருவுல இருக்கற யாரோ ஒருத்தர் மாதிரிதான் இருப்பார். அவர் பண்ற தொழில் மட்டும் வேற. கை கால் இல்லாதவங்க, கண்ணு தெரியாதவங்க, உடம்பு ஒடிஞ்சு மடங்கிப் போனவங்க இவங்களை சொந்தமா வச்சிக்கிட்டு கோயில் வாசல்ல உக்கார வச்சு பிச்சை எடுக்க வைக்கறது, தேவைப்பட்டா விக்கறது, வாங்கறது. ராத்திரி வண்டில அள்ளிப் போட்டு கொண்டு வர்றது, காலைல இறக்கி வைக்கறது. சீசன் வந்தா பழனிக்கு கொண்டு போறது. இதுதான் கதை. 2003ல தமிழினி வெளியீடா வந்துச்சு, அதுக்கப்புறம் வேற வேற பதிப்பகத்துல மறுபடி மறுபடி வந்திருக்கு.

ஏழாம் உலகம்னா?

நம்ம புராணத்துல மேல ஏழு உலகம் கீழ ஏழு உலகம்னு சொல்வாங்கல்ல, அதலம் விதலம் சுதலம்னு ஆரம்பிச்சு பாதாளம் வரைக்கும். கீழ இருக்கற ஏழாவது உலகம் பாதாளம். அதுக்கும் கீழ எதுவும் கிடையாது. ஆனா நாவல்ல அந்தப் பாதாளம் எங்க இருக்குன்னா மலைக்கோயில் படிக்கட்டு ஆரம்பிக்கற இடத்துல, நாம செருப்பு விடற எடத்துக்குப் பக்கத்துல.

ரொம்ப கொடூரமா இருக்கும்னு சொல்றாங்களே, எனக்குத் தாங்குமா?

உண்மையைச் சொல்லிடறேன். தாங்காம போகலாம். இந்த நாவல்ல மனுஷங்களுக்கு மாட்டுக்குப் பண்ற மாதிரி சேர்க்கை பண்ணி பிள்ளை பெத்துக்க வைக்கறாங்க. ஊனமா பொறந்தா அதிக லாபம்னு சந்தோஷப்படறாங்க. முத்தம்மைனு ஒருத்தி, உடம்பு முழுக்க ஊனமானவ, அவ வேலையே பெத்துக் குடுக்கறதுதான், ஒவ்வொண்ணா பொறக்கும், ஒவ்வொண்ணா போயிடும். பச்சைக் குழந்தையையும் தொழிலுக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்க. இதெல்லாம் பூசி மெழுகாம எழுதியிருக்கு. பலாத்காரம், குழந்தைங்களுக்கு நடக்கற கொடுமை, கெட்ட வார்த்தை எல்லாமே உண்டு.

குழந்தை பொறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, இல்ல வீட்டுல சமீபத்துல ஏதோ ஒரு துக்கம், அப்படின்னா இப்ப வேணாம், ஒரு வருஷம் கழிச்சு எடுங்க, புஸ்தகம் எங்கயும் ஓடிப்போகாது. மத்தவங்க படிக்கலாம். எனக்கு ரத்தம் பார்த்தாலே தலை சுத்தும், நானே படிச்சேன். காரணம் என்னன்னா இதுல கொடுமையை ஒரு சினிமா சண்டை மாதிரி பத்து பக்கம் இழுத்து வர்ணிக்கறது கிடையாது. சாம்பார்ல உப்பு கம்மின்னு பேசற அதே குரல்ல இதையும் பேசிட்டுப் போயிடுவாங்க. படிச்சு முடிச்சு அடுத்த பக்கம் திருப்பினப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு மண்டைல ஏறும், அப்ப புஸ்தகத்தை மூடி வச்சிட்டு மொட்டை மாடிக்குப் போயி நிக்கணும்போல இருக்கும்.

பண்டாரம்தான் வில்லனா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்பவும் ரொம்ப நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா இந்த நாவலை எல்லார்கிட்டயும் நான் சிபாரிசு பண்றதுக்கே காரணம் இவர்தான்.

நாம கதையில கெட்டவனை எப்படி எதிர்பார்ப்போம்? முறைச்சுப் பார்ப்பான், குடிப்பான், சிரிச்சுக்கிட்டே அடிப்பான், அவனைப் பார்த்த உடனே நமக்கு ஒரு நிம்மதி, நாம இவன் இல்லன்னு. போத்திவேலு பண்டாரம் அந்த நிம்மதியைக் குடுக்கவே மாட்டார். அவர் நல்ல அப்பா. பொண்ணுங்க மேல உயிரையே வச்சிருக்கார், அதுங்க ஒரு பொருளைக் கேட்டு வாங்கிக் குடுக்க முடியலன்னா அன்னைக்கு பூரா மனசு சரியில்லாம திரியறார். முருகன்கிட்ட போயி கண்ணு கலங்க நிக்கறார், அது வேஷம் கிடையாது, நிஜமான பக்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் நகை கேக்கும்போது நமக்கே அவர் மேல பாவம் வந்துடும். நான் மொத தடவை படிக்கும்போது அந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்துடணுமேன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன், வேண்டிக்கிட்ட அடுத்த நிமிஷம் அந்த நகைக்கு காசு எங்கருந்து வரணும்னு ஞாபகம் வந்துச்சு. கை எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு.

தன் பொண்ணுக்கு ஒரு சின்ன முள்ளு குத்தினா துடிக்கற அதே மனுஷன், முத்தம்மை மடியிலருந்து குழந்தையை எடுக்கும்போது ஒரு நொடிகூட தயங்கறதில்ல. வீட்டுல பிரச்சனை வரும்போது எனக்கு ஏன் இந்த சோதனைன்னு சாமிகிட்டயே கேக்கறார், மனசாரக் கேக்கறார், அவருக்கு உண்மையிலேயே தெரியல. தான் தப்பு பண்றோம்னு தெரிஞ்சே பண்றவன்னா அவனுக்கு தண்டனை குடுத்து முடிச்சிடலாம். தெரியவே தெரியாதவரை என்ன பண்றது?

ஜெயமோகன் இந்த மனுஷனைப் பத்தி ஒரு எடத்துலகூட தீர்ப்பு சொல்லமாட்டார். அவர் பாட்டுக்கு காலைல எந்திரிக்கறதையும் காப்பி குடிக்கறதையும் கணக்கு பார்க்கறதையும் சொல்லிட்டே போவார். அப்ப தீர்ப்பு சொல்ற வேலை நம்ம தலைல விழுது. சொல்லப் போனா நாக்கு எழமாட்டேங்குது, ஏன்னா வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு தனி டம்ளர் வச்சிட்டு ராத்திரி பிள்ளைக்கு தலை கோதி விடறவங்க எத்தனை பேரை நமக்குத் தெரியும், நம்ம வீட்டுலயே.

அந்த 'உருப்படி'ங்கற வார்த்தை பத்தி எல்லாரும் பேசறாங்களே?

பண்டாரமும் அவர் தொழில்ல இருக்கறவங்களும் பிச்சை எடுக்கறவங்களை உருப்படின்னுதான் சொல்வாங்க. நாலு உருப்படி இறங்குச்சு, அந்த உருப்படிக்கு இவ்வளவு விலைன்னு. நமக்குத் தெரிஞ்ச வார்த்தைதான், சலவைக்குப் போடற துணியை எத்தனை உருப்படின்னு எண்ணுவோம், லாரில ஏத்தற மூட்டையை எண்ணுவோம். ஒரு மனுஷனுக்கு இந்தப் பேரை வச்சிட்டா அப்புறம் அவனை அடிக்கறது விக்கறது எல்லாமே சுளுவாயிடுது. திட்டக்கூட வேணாம், வெறுக்கக்கூட வேணாம், எண்ணினா போதும். அம்பது பக்கம் தாண்டினதும் படிக்கற நாமளே மனசுக்குள்ள உருப்படி உருப்படின்னு எண்ண ஆரம்பிச்சிருப்போம், அதை நான் கவனிச்ச எடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, பழனிக்கு வண்டி கிளம்பற எடம், எத்தனை பேர் ஏறினாங்கன்னு நானும் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன்.

இதெல்லாம் நிஜமாவே நடக்குதா? அதிர்ச்சிக்காக எழுதினதா?

நாவல் நாவல்தான், அதுல வர்ற போத்திவேலு பண்டாரத்தை சுசீந்திரம் பக்கம் போயி தேடக்கூடாது. ஆனா தொழில் கற்பனை இல்ல. நம்ம நாட்டு சட்டப் புஸ்தகத்தைப் பார்த்தாலே தெரியும். இந்திய தண்டனைச் சட்டத்துல 1959ல ஒரு திருத்தம் பண்ணி 363ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க, பிச்சை எடுக்க வைக்கறதுக்காக குழந்தையைக் கடத்தினாலோ ஊனப்படுத்தினாலோ என்ன தண்டனைன்னு. ஊனப்படுத்தினா ஆயுள் தண்டனை வரைக்கும். அந்தச் சட்டத்துக்குப் பதிலா இப்ப வந்திருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 139வது பிரிவு, ஊனப்படுத்தினா குறைஞ்சது 20 வருஷம்னு ஏத்தியிருக்காங்க. 2015 சிறார் நீதிச் சட்டத்துலயும் 76வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. நடக்காத ஒரு விஷயத்துக்கு இத்தனை சட்டத்துல தனித்தனியா பிரிவு எழுதி வைக்கமாட்டாங்க.

2011 மக்கள்தொகை கணக்கெடுப்புல நாடு முழுக்க பிச்சை எடுக்கறவங்க, நாடோடியா திரியறவங்கன்னு 4 லட்சத்து 13 ஆயிரத்து சொச்சம் பேரை எண்ணியிருக்காங்க. அதுல எத்தனை பேர் யாருக்குக் கீழ இருக்காங்கன்னு அந்தக் கணக்குல கிடையாது.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல பிச்சை எடுக்கறதையே குற்றம்னு சொல்ற சட்டம் 1945லருந்தே இருக்கு, மதராஸ் பிச்சை தடுப்புச் சட்டம். டில்லில இதே மாதிரி சட்டத்தோட முக்கியமான பிரிவுகளை 2018ல அந்த ஊர் ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு, வழியில்லாம கையேந்தறவனை ஜெயில்ல போடறது எப்படி நியாயம்னு. 2021ல தெருவுல பிச்சை எடுக்கறதைத் தடை பண்ணுங்கன்னு போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அப்படித் தடை போட மாட்டோம்னு சொல்லிடுச்சு, வறுமையாலதான் தெருவுக்கு வர்றாங்க, மேல்தட்டு பார்வையில நாங்க பார்க்கமாட்டோம்னு. இது எல்லாம் நாவல் வந்து ரொம்ப வருஷம் கழிச்சு நடந்தது. பிச்சைக்காரனைத் தூக்கி உள்ள போடற சட்டம் எப்பவும் சுலபமா அமலாகும், அவனை வச்சு சம்பாதிக்கறவனைப் பிடிக்கற சட்டம் தூங்கிக்கிட்டே இருக்கும். நாவல்ல போலீஸ் வர்ற எடங்களைப் படிச்சா ஏன்னு புரியும்.

நான் கடவுள் பார்த்துட்டேன், அப்புறம் எதுக்கு படிக்கணும்?

பாலா எடுத்த நான் கடவுள் 2009ல வந்துச்சு, இந்த நாவல்லருந்து பிச்சைக்காரங்க பகுதியை எடுத்துக்கிட்டாங்க, வசனமும் ஜெயமோகன்தான். பாலாவுக்கு தேசிய விருது கிடைச்ச படம். நல்ல படம்தான், நான் குறை சொல்லல. ஆனா படத்துல காசியிலருந்து ஒரு அகோரி வந்து கெட்டவனை சாய்ச்சிடுவான், தியேட்டர்ல விசில் பறந்துச்சு. நாவல்ல யாரும் வரமாட்டாங்க. காசியிலருந்தும் வரமாட்டாங்க, பழனி மலை மேலருந்தும் வரமாட்டாங்க. படத்துல வர்ற தாண்டவன் பார்த்த உடனே பயப்பட வைக்கற ஆளு, பண்டாரம் அப்படியில்லன்னு மேலயே சொல்லிட்டேன். ரெண்டும் வேற வேற. படம் பார்த்தவங்கதான் கட்டாயம் நாவலைப் படிக்கணும்னு நான் சொல்வேன்.

பேச்சு வழக்கு ஒண்ணுமே புரியல, பத்து பக்கத்துல விட்டுட்டேன்.

இதைச் சொல்லாதவங்களே கிடையாது. பேசறது எல்லாமே குமரி மாவட்டத் தமிழ், மலையாள வாடை அடிக்கும். எனக்கு உடுமலைப்பேட்டை, எங்க ஊர் தமிழுக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, மொத ரெண்டு அத்தியாயம் நானும் தட்டுத் தடுமாறித்தான் போனேன். ஒரு யோசனை சொல்றேன், வாய் விட்டு படிங்க. கண்ணால பார்த்தா புரியாத வார்த்தை காதுல விழுந்தா புரிஞ்சிடும். வெள்ளம்னா தண்ணி, தள்ளைன்னா அம்மா, சோலின்னா வேலை, 'பைய'ங்கறது பல எடத்துல மெதுவாங்கற அர்த்தத்துல வரும். சவம்னு அடிக்கடி திட்டிக்குவாங்க, அதுல கோவமும் இருக்கும் செல்லமும் இருக்கும், இடத்தைப் பார்த்து எடுத்துக்கணும். ஒடயோர்னா முதலாளி, உடையவர், அதாவது தங்களுக்குச் சொந்தக்காரர். இந்த வார்த்தையை மட்டும் நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க, ஒவ்வொரு தடவை அது வரும்போதும் யாரு யாருக்கு உடையவர்னு யோசிச்சா நாவல் வேற மாதிரி தெரியும்.

மூணாவது அத்தியாயத்துக்குள்ள காது பழகிடும். எனக்குப் பழகினப்புறம் ஒரு வாரம் வீட்டுல அந்தத் தமிழ்லயே பேசிக்கிட்டு இருந்தேன்.

முழுக்க சோகமாவே இருக்குமா?

நம்பமாட்டீங்க, நிறைய எடத்துல சிரிச்சேன். அந்தக் கூட்டத்துக்குள்ள ராமப்பன், குய்யன், அகமதுன்னு ஆளுங்க இருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே இருப்பாங்க. உலக அரசியல் பேசுவாங்க, சாமியை வம்புக்கு இழுப்பாங்க, காசு குடுக்கறவங்க மூஞ்சியைப் பார்த்து இவன் எவ்வளவு போடுவான்னு எடை போடுவாங்க. குய்யனுக்கு முதலாளி வீட்டுக் கல்யாணச் சாப்பாடு மேல ஒரு ஆசை, எலை போட்டு பாயாசத்தோட ஒரு வேளை. அது எவ்வளவு சின்ன ஆசை, அதுக்கு அவன் படற பாடு என்ன. சிரிச்சுக்கிட்டே படிச்சிட்டு வந்து ஒரு எடத்துல தொண்டை அடைச்சிடுச்சு. கூட இருக்கறவங்க அவனை எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு கவனிங்க. அவங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கறதும் விட்டுக் குடுக்கறதும் பண்டாரம் வீட்டுக்குள்ள இருக்கறதைவிட அதிகம்.

அப்புறம் மாங்காண்டிச்சாமி. கையும் இல்ல காலும் இல்ல, எங்க வைக்கறாங்களோ அங்க இருப்பார், பாட மட்டும் செய்வார். அவர் யாரு, அவருக்கு என்ன தெரியும்னு நாவல் கடைசி வரைக்கும் உடைச்சுச் சொல்லாது. அவர் வர்ற பக்கங்களை நான் எப்பவும் மெதுவா படிப்பேன்.

சாமி நம்பிக்கை இருக்கறவங்க படிச்சா மனசு புண்படுமா?

எனக்கு சாமி நம்பிக்கை உண்டு. வருஷம் தவறாம தைப்பூசத்துக்கு உடுமலைலருந்து பழனிக்கு நடந்து போறவன். எனக்கு முருகன் மேல கோவம் வரல. மலை மேல நடக்கற அபிஷேகத்துக்கும் கீழ அடிவாரத்துல நடக்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்தப் படிக்கட்டுல நாம எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கோம், என்னத்தைப் பார்த்தோம், அந்தக் கேள்விதான் வந்துச்சு. பூஜை பண்றவங்களைப் பத்தியும் சாமியார்களைப் பத்தியும் காரமான பகுதிகள் இருக்கு, அதைத் தாங்கிக்கணும். நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் இதுல ஆறுதல் எதுவும் கிடைக்காது, முற்போக்கு பேசறவங்களையும் நாவல் விட்டு வைக்கல.

மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தற மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே?

இதுக்கு நான் பதில் சொல்றதைவிட என் தங்கச்சி சொன்னதைச் சொல்றேன். அவளுக்கு ரெண்டு வயசுல போலியோ, இன்னைக்கும் கால்ல காலிப்பர், அதான் கால் நிக்கறதுக்கு மாட்டற சட்டம், போட்டுத்தான் நடக்கறா, பேங்க்ல வேலை. நான் புஸ்தகத்தைக் குடுக்கறதுக்கே பயந்துக்கிட்டு இருந்தேன், அவளே அலமாரியிலருந்து எடுத்துட்டுப் போயிட்டா. நாலு நாள் கழிச்சு சொன்னா, அண்ணா மொதல் அம்பது பக்கத்துல தூக்கிப் போட்டிருப்பேன், அந்த வார்த்தைங்க எல்லாம் நான் ஸ்கூல்ல கேட்ட வார்த்தைங்க, நொண்டி மொண்டின்னு. அப்புறம் ஏன் விடலன்னு கேட்டேன். அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் தன்னைப் பார்த்து தானே அய்யோ பாவம்னு சொல்லிக்கல, அதனாலதான்னா. வெளியில இருந்து பார்க்கறவங்கதான் பாவம்பாங்க, உள்ள இருக்கறவங்களுக்கு அன்னைக்கு சோறு என்ன, யாரு யாரோட சண்டைங்கறதுதான் கவலை, அதை சரியா எழுதியிருக்காருன்னா.

ஒரு குறையும் சொன்னா, அது நியாயமான குறை. நாவல்ல ஊனமா இருக்கறவங்க எல்லாருமே பிச்சை எடுக்கற எடத்துலதான் இருக்காங்க, படிச்சு வேலைக்குப் போற, கடை வச்சிருக்கற ஒருத்தர்கூட கண்ணுல படலன்னு. ஏழாம் உலகத்தைப் பத்தி எழுதும்போது அந்த உலகத்துக்குள்ளதானே நிக்க முடியும்னு நான் சொல்லிப் பார்த்தேன், அவ முழுசா ஒத்துக்கல. நானும் அதுக்கு மேல வாதாடல.

அப்பத்தான் அவ ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்தினா. எண்பதுகள்ல எங்கப்பா பழனிக்குக் கூட்டிட்டுப் போவார், அடிவாரத்துல பத்து ரூபாய்க்கு சில்லறை மாத்தி எங்க ரெண்டு பேர் கையிலயும் அள்ளிக் குடுப்பார், அலுமினிய பத்து பைசா, ஒருத்தரையும் விடாம போட்டுட்டு வாங்கன்னு சொல்லி. தட்டுல காசு விழற சத்தம் எங்களுக்கு ஒரு வெளையாட்டு. ஒரு வருஷம் தங்கச்சிக்கு காலிப்பர் உரசி புண்ணாயிடுச்சு, படிக்கட்டு ஓரமா உக்காந்துட்டா. அப்பா சோடா வாங்கப் போயிருந்தார், நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். மேலருந்து இறங்கி வந்த ஒரு அம்மா, நெத்தி நிறைய விபூதி, நல்ல மூஞ்சி, குனிஞ்சு தங்கச்சி மடியில ஒரு இருபது பைசாவைப் போட்டுட்டு போயிட்டாங்க. அவளுக்கு அப்ப ஒம்பது வயசு, பட்டுப் பாவாடை கட்டியிருந்தா. எதுக்குண்ணா எனக்குக் குடுத்தாங்கன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. அந்த இருபது பைசாவை வாங்கி என் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னேன்.

இந்த நாவலைப் படிச்சு முடிச்சப்ப எனக்கு அந்த அம்மா மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. கெட்டவங்க கிடையாது, பக்தியோட போட்ட காசு அது. காலிப்பர் மட்டும் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, பட்டுப் பாவாடை தெரியல.

பொண்ணுங்களை ரொம்ப மோசமா காட்டியிருக்கா?

பொண்ணுங்களுக்கு நடக்கறதை மோசமா காட்டியிருக்கு. முத்தம்மையை வெறும் பாவப்பட்டவளா மட்டும் எழுதிட்டுப் போயிருந்தா நானே ஏத்துக்கிட்டிருக்க மாட்டேன். அவ சண்டைக்காரி, வாயாடி, பக்கத்துல இருக்கறவங்களுக்கு புத்தி சொல்வா, தன் குழந்தைக்கு ரஜினிகாந்த்னு பேரு வைக்கறா. அந்தப் பேரை வாய் நிறையக் கூப்பிட்டுக் கொஞ்சறதைப் படிக்கும்போது மொதல்ல சிரிப்பு வரும். பெத்த எந்தக் குழந்தையும் தங்கினதில்லன்னு தெரிஞ்சே ஒருத்தி இதுக்குப் பேரு வைக்கறா பாருங்க. பேரு வச்சிட்டா உருப்படி இல்லையே. நாவலோட கடைசி பக்கம் அவளோடதுதான், அதை நான் சொல்லமாட்டேன். அங்க போகறதுக்கு முன்னாடி அவ தன் பழைய பிள்ளைகளைப் பத்தி பேசற எடத்தை கவனமா படிச்சிடுங்க, அவ்வளவுதான்.

எழுத்தாளரோட கருத்துக்கள் எனக்குப் பிடிக்கல, அப்பவும் படிக்கணுமா?

எனக்கும் அவர் சொல்றது எல்லாம் உடன்பாடு கிடையாது, பல விஷயத்துல எதிர்ப்பக்கம். நாவலைப் படிக்கும்போது அவர் கட்டுரைல என்ன எழுதினாருங்கறது எனக்கு ஞாபகமே வரல. லைப்ரரில எடுத்துப் படிங்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்க.

எந்த வயசுல படிக்கலாம்? காலேஜ் பசங்களுக்குக் குடுக்கலாமா?

பதினெட்டு தாண்டட்டும். அதுவும் வெறும புஸ்தகத்தைக் கையில திணிச்சிட்டுப் போகாதீங்க, படிச்சப்புறம் பேசறதுக்கு பக்கத்துல யாராவது இருக்கணும். என் பையன் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது படிச்சான், முடிச்ச அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் சமையல்கட்டுல உக்காந்து பேசினோம்.

தமிழ் படிக்கத் தெரியாத ஃப்ரெண்டுக்கு?

சுசித்ரா ராமச்சந்திரன் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்திருக்காங்க, தி அபிஸ்னு பேரு, 2023ல ஜக்கர்நாட் போட்டாங்க. குமரித் தமிழை இங்கிலீஷுக்குக் கொண்டு போறது சாதாரண வேலை இல்ல. தமிழ் தெரிஞ்சவங்க தமிழ்லயே படிங்க, அந்தப் பேச்சுலதான் பாதி உயிரு.

படிச்சப்புறம் பிச்சை போடறதா வேணாமா?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. போடற ஒவ்வொரு காசும் யாரோ ஒரு பண்டாரத்துக்குப் போகுதுன்னு நினைச்சா கை வரமாட்டேங்குது. போடலன்னா அன்னைக்கு ராத்திரி அவனுக்கு அடி விழுமோ, சோறு கிடைக்காதோன்னு வேற கவலை. நாவல் இதுக்கு வழி சொல்லாது. நான் பண்றதைச் சொல்றேன், இதுதான் சரின்னு சொல்லல. குழந்தையை வச்சிக்கிட்டு யாராவது பிச்சை எடுத்தா, முக்கியமா அந்தக் குழந்தை வெயில்ல அசையாம தூங்கிக்கிட்டே இருந்தா, 1098க்கு போன் பண்றேன், குழந்தைகளுக்கான உதவி எண், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. ரெண்டு தடவை பண்ணியிருக்கேன். மத்தவங்களுக்கு சாப்பாடா வாங்கிக் குடுக்கறேன், பக்கத்துல கொஞ்ச நேரம் உக்கார்றேன், பேரு கேக்கறேன். நாப்பது வருஷமா அந்த அடிவாரத்துல காசு போட்டிருக்கேன், ஒருத்தர் பேருகூட எனக்குத் தெரியாது, அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

போன தைப்பூசத்துக்கு கிரிவீதியில ஒரு பெரியவர், ரெண்டு கண்ணும் தெரியாது, ஒரு சாக்கு மேல உக்காந்திருந்தார். நாலு இட்லி வாங்கிட்டு வந்து கையில குடுத்தேன், சட்னியைத் தனியா பிரிச்சு வச்சேன். சாப்பிட ஆரம்பிச்சார். அய்யா உங்க பேரு என்னங்கன்னு கேட்டேன். வாய்க்குப் போன கை அப்படியே நின்னுடுச்சு. எதுக்கு சாமி, கணக்கு எடுக்கறீங்களான்னு கேட்டார். இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், பக்கத்துல வேற யாராவது நிக்கறாங்களான்னு காதால பார்க்கற மாதிரி. அப்புறம் ஊரு மணப்பாறைன்னார். பேரைச் சொல்லல.